உங்களுக்குத் தெரியுமா? துளை மாறினால் பந்தின் போக்கும் மாறும்!

அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைகளில் செப்புச் சாமானோடு பம்பரமும் செய்கிறார்கள். ஆணி நடுவில் இறங்காவிட்டால் பம்பரம் தள்ளாடும் என்பது நெல்லைச் சிறுவர்களுக்கு அத்துப்படி. பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் டென்பின் பௌலிங்கிலோ, அந்தப் பந்தை வேண்டுமென்றே தள்ளாட வைக்கிறார்கள்!

● போட்டிக்கான பந்தின் உள்ளே கனமான கரு ஒன்று உண்டு. பெரும்பாலும் அது உருண்டையாக இருப்பதில்லை. பந்து கையை விட்டுப் புறப்படும்போது அந்தக் கரு எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கும் என்பதை விரல் துளைகளின் இடமே தீர்மானிக்கிறது.

● கருவின் உச்சியைக் காட்ட, பந்தின் மேல் வண்ணப் புள்ளி ஒன்று இருக்கும். சமச்சீர் கரு கொண்ட பந்தில், வீரரின் சுழலச்சு முனையிலிருந்து (அவர் விடும் பந்து சுழலும் அச்சு பந்தின் பரப்பைத் தொடும் இடம்) அந்தப் புள்ளி சுமார் 3⅜ அங்குலம் தள்ளி இருந்தால் தள்ளாட்டம் உச்சத்தைத் தொடும். ஒவ்வொரு உருளலிலும் தளத்தில் பூசிய எண்ணெய் படாத புதுப் பரப்பு தளத்தைத் தொடும், பிடிமானம் கூடும், பந்து நன்றாக வளையும்.

● புள்ளி சுழலச்சு முனையிலேயே இருந்தாலும், 6¾ அங்குலம் விலகி இருந்தாலும் தள்ளாட்டம் மிகக் குறைவு. வளைவும் குறையும்.

● பிடிக்கப் பயன்படாத 'சமநிலைத் துளை'யை அமெரிக்க பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசி 2020 ஆகஸ்ட் 1 முதல் தடை செய்துவிட்டது.



புதுப் பந்து வாங்குகிறீர்களா? விரல் அளவோடு உங்கள் சுழலச்சையும் அளந்த பிறகே துளை போடச் சொல்லுங்கள்.