கொடைக்கானல் மலைப்பாதை

இரண்டு இடங்களை இணைப்பதில் நேர்கோடே மிகக் குறுகிய வழி என்று கணிதம் கற்பிக்கின்றது. ஆயினும் மலையேறும் சாலை அந்த நேர்கோட்டை வேண்டுமென்றே துறந்துவிடுகின்றது. ஏன் என்பதை வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

1845ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். அந்நாளில் அங்கே வண்டிப்பாதை கிடையாது. பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரையில் மாட்டுவண்டி செல்லும். அதன் பின்னர் செங்குத்தான ஒற்றையடிப்பாதை. வலுவுள்ளோர் நடந்தனர், சிலர் குதிரையேறினர், வசதி படைத்தோர் டோலியில் அமர்ந்தனர். அந்த டோலியையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்தவை ஏழைத் தொழிலாளரின் தோள்களே. வழி குறுகியதுதான், ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

வண்டி ஏறவேண்டுமாயின் சாய்வு குறையவேண்டும். வகுப்பில் நான் இதனை ஒரு கணக்காகவே கொடுப்பதுண்டு. அடிவாரத்திற்கும் கொடைக்கானலுக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 1,800 மீட்டர். 20 மீட்டர் தூரத்திற்கு 1 மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொண்டால், பாதையின் நீளம் 36 கிலோமீட்டராகும். சாய்வு இன்னும் தணிந்தால் நீளம் இன்னும் பெருகும். இந்த நீளத்தை ஒரு மலைச்சரிவில் அடக்குவதற்காகவே கொண்டை ஊசி வளைவுகள் தோன்றுகின்றன.

இக்கணக்கை மலைமீது எழுதத் தொடங்கியவர் மேஜர் ஜி. சி. லா என்பவர். 1870களில் தொடங்கிய அப்பணி 1914இல் நிறைவெய்தியது. 1916இல் பாதை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்றும் அது ‘லாஸ் காட்’ பாதை என வழங்கப்படுகின்றது. டம் டம் பாறையில் நின்றால் எதிர்மலையில் எலிவால் அருவி வெள்ளிக்கம்பிபோல் தோன்றும். பெருமாள்மலையைக் கடந்தால் வெள்ளி அருவி. 1863இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியின் உபரிநீரே அங்கு விழுகின்றது.

மலையை வெட்டினால் சரிவின் பிடிப்புத் தளரும். ஆதலால் தாங்குசுவரும் நீர் வடியும் சிறுபாலங்களும் சாலைக்கு உயிர்நாடி. மழைநீர் தேங்கி மண்ணுள் புகுந்தால் சரிவு பெயர்ந்து வழியை மூடிவிடும். வாகனப் பெருக்கமும் மலைக்கு ஒரு சுமையாயிற்று. அதனை அளவிடவே, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, 2024 மே 7 முதல் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது.

மனிதனின் தோளிலிருந்த சுமையை இச்சாலை இறக்கி வைத்தது. அது பெரும் நன்மை. அச்சுமை முழுவதையும் மலையின் தோளில் ஏற்றிவிடாமல் காப்பது, இனி அவ்வழியே பயணம் செய்யவிருக்கும் உங்கள் கடமை.