நேஷனல் மெரிட் கல்வி உதவித்தொகை

நேஷனல் மெரிட் கல்வி உதவித்தொகை என்பது ஐக்கிய அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே ஆண்டுதோறும் நடத்தப்படும் ஒரு கல்வித் தகுதிப் போட்டியும், அதன்வழி வழங்கப்படும் கல்லூரி உதவித்தொகையும் ஆகும். இலினொய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரில் இயங்கும் நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப் கழகம் என்னும் இலாப நோக்கற்ற தனியார் அமைப்பு இதனை நடத்துகிறது. பெயரில் 'நேஷனல்' என்றிருப்பினும் இது அரசுத் திட்டம் அன்று. ஆண்டுதோறும் ஏறத்தாழ 13 இலட்சம் மாணவர்கள் போட்டியில் நுழைகின்றனர். அவர்களுள் 7,000 பேர் அளவிலேயே கழகத்தின் உதவித்தொகையைப் பெறுகின்றனர்.

இத்திட்டத்தில் கிடைக்கும் தகுதிப் பெயரும் கிடைக்கும் பணமும் வெவ்வேறானவை. கழகம் நேரடியாக வழங்கும் தொகை சிறியது. அதே தகுதிப் பெயரைக் கொண்டு சில பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் படிப்பையும் கட்டணமின்றி முடிக்க இயலும். வேறு சிலவற்றில் அதற்குப் பண மதிப்பு எதுவும் இல்லை.

வரலாறு

ஃபோர்டு அறக்கட்டளை, கார்னகி கழகம் ஆகியவற்றின் நிதியுதவியுடன் இக்கழகம் 1955இல் நிறுவப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் மாணவர்கள் தகுதி அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்டாலும், வழங்கப்பட்ட தொகை குடும்பத்தின் பணத் தேவையைப் பொறுத்தே அமைந்தது. பின்னர் ஒரே அளவான தொகை வழங்கும் முறை வந்தது. 1971 முதல் கல்லூரி வாரியம் எனும் அமைப்பு நடத்தும் பி.எஸ்.ஏ.டி தேர்வே இப்போட்டியின் நுழைவுத் தேர்வாக உள்ளது.

நுழைவுத் தகுதி

மாணவர் 11ஆம் வகுப்பில், அக்டோபர் மாதத்தில் பி.எஸ்.ஏ.டி தேர்வை எழுத வேண்டும். 9 அல்லது 10ஆம் வகுப்பில் எழுதிப் பழகலாம். அம்மதிப்பெண்கள் பொதுவாகப் போட்டிக்குக் கொள்ளப்படுவதில்லை. நான்காண்டுப் பள்ளிப் படிப்பை மூன்றாண்டுகளில் முடிப்போருக்கு மட்டும் தனி விதி உண்டு. ஆகவே பெரும்பாலான மாணவர்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு ஆகும்.

முன்பு அமெரிக்கக் குடியுரிமை பெற்றோரும், நிரந்தர வதிவுரிமை பெற்றுக் குடியுரிமையை நாடுவோருமே தகுதியுடையோராக இருந்தனர். தற்போதைய விதிப்படி அமெரிக்காவிலுள்ள உயர்நிலைப் பள்ளியில் பயில்வதே போதுமானது. வெளிநாட்டில் பயில்வோருக்கே குடியுரிமை விதி பொருந்தும். பணி விசாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு (இவர்களுள் தமிழர்களும் கணிசமானோர்) இம்மாற்றம் முக்கியமானது. எனினும் பல்கலைக்கழகங்களும் மாநில அரசுகளும் தத்தம் உதவித்தொகைக்கு விதிக்கும் குடியுரிமை விதிகள் வேறானவை. அவற்றைத் தனியே பார்த்தல் வேண்டும்.

தேர்ந்தெடுப்புச் சுட்டெண்

பி.எஸ்.ஏ.டி தேர்வில் மொழிப் பகுதி, கணிதப் பகுதி என இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் 160 முதல் 760 வரை மதிப்பிடப்படுகிறது. ஆனால் போட்டிக்குக் கொள்ளப்படுவது இவற்றின் கூட்டுத்தொகை அன்று. தேர்ந்தெடுப்புச் சுட்டெண் எனப்படும் வேறோர் எண் ஆகும். மொழி மதிப்பெண்ணை இரட்டித்து, அதனுடன் கணித மதிப்பெண்ணைக் கூட்டி, 10ஆல் வகுத்தால் இது கிடைக்கும். இதன் சிறும மதிப்பு 48, பெரும மதிப்பு 228.

எடுத்துக்காட்டாக, மொழியில் 740, கணிதத்தில் 700 பெற்ற மாணவரின் மொத்தம் 1440, சுட்டெண் 218. மொழியில் 700, கணிதத்தில் 740 பெற்ற மாணவரின் மொத்தமும் 1440 தான். ஆனால் சுட்டெண் 214. ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்பு நழுவும் போட்டியில் நான்கு புள்ளிகள் என்பது பெரிய இடைவெளி. கணிதத்தில் வல்ல பிள்ளைகளை மேலும் கணிதப் பயிற்சிக்கே அனுப்பும் பெற்றோர் இந்த வாய்பாட்டை ஒருமுறை பார்ப்பது நன்று.

தேர்வின் படிநிலைகள்

மிகுந்த சுட்டெண் பெற்ற ஏறத்தாழ 50,000 பேர் முதலில் பிரிக்கப்படுகின்றனர். இவர்களுள் 34,000 பேர் அளவில் பாராட்டு பெற்றோர் எனப்படுவர். இவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. போட்டியில் இதற்கு மேல் இடமில்லை. ஏனைய 16,000க்கு மேற்பட்டோர் அரையிறுதியாளர்கள்.

பாராட்டுக்கான வரம்பு நாடு முழுமைக்கும் ஒன்றே. அரையிறுதி வரம்போ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர் தொகையில் ஒரு மாநிலத்தின் பங்கு எவ்வளவோ, அந்த விகிதத்தில் அம்மாநிலத்துக்கு அரையிறுதி இடங்கள் ஒதுக்கப்படுவதே இதற்குக் காரணம். அக்டோபர் 2023 தேர்வுக்குப் பாராட்டு வரம்பு 208 ஆக இருந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் அரையிறுதி வரம்பு 223. மேற்கு வர்ஜீனியா போன்ற மாநிலங்களிலோ அரையிறுதி வரம்பு பாராட்டு வரம்பை ஒட்டியே அமைவது வழக்கம். அதாவது மேற்கு வர்ஜீனியாவில் அரையிறுதியாளராகும் மாணவர், அதே மதிப்பெண்ணுடன் நியூ ஜெர்சியில் பாராட்டுச் சான்றிதழுடன் நின்றுவிடக்கூடும். வெளிநாட்டில் பயிலும் அமெரிக்க மாணவர்களுக்கு, மாநிலங்களுள் மிக உயர்ந்த வரம்பு எதுவோ அதுவே பொருந்தும்.

அரையிறுதியாளர் பெயர்கள் 12ஆம் வகுப்பின் தொடக்கமான செப்டம்பரில் வெளியாகின்றன. அவர்கள் விண்ணப்பம், கட்டுரை, பள்ளியின் பரிந்துரை, உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் பட்டியல், பி.எஸ்.ஏ.டி மதிப்பெண்ணை உறுதிசெய்யும் எஸ்.ஏ.டி அல்லது ஏ.சி.டி மதிப்பெண் ஆகியவற்றை அளிக்க வேண்டும். இவற்றில் தேறுவோர் இறுதியாளர்கள் ஆகின்றனர். அரையிறுதியாளருள் 15,000க்கு மேற்பட்டோர் இந்நிலையை எட்டுவதால் இப்படி கடினமானதன்று. ஆனால் விண்ணப்பம் அனுப்பத் தவறியவர்க்கு மறுவாய்ப்பு இல்லை.

அறிவிப்புகள் பள்ளி வழியாகவே மாணவரை அடைகின்றன. வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில் 2022 இலையுதிர் காலத்தில் பாராட்டு அறிவிப்புகள் காலந்தாழ்த்தி வழங்கப்பட்டன. கல்லூரி விண்ணப்பங்களில் அதனைக் குறிப்பிட இயலாமற் போனது என்று பெற்றோர் முறையிட்டனர். மாநில அரசு விசாரணையைத் தொடங்கியது.

உதவித்தொகை வகைகள்

இறுதியாளர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே கழகத்தின் வழியாக உதவித்தொகை கிடைக்கிறது. அது மூன்று வகைப்படும். முதலாவது, கழகத்தின் பெயரிலேயே வழங்கப்படும் 2,500 டாலர். இது ஒரே ஒரு முறை கொடுக்கப்படுவது. ஆண்டுச் செலவு 80,000 டாலரைக் கடந்துவிட்ட தனியார் பல்கலைக்கழகங்களில் இத்தொகை செலவின் ஒரு சிறு பகுதிக்கே காணும். இரண்டாவது, நிறுவனங்கள் பெரும்பாலும் தம் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு வழங்குவது. மூன்றாவது, கல்லூரிகள் வழங்குவது. எண்ணிக்கையில் இதுவே மிகுதி. ஆண்டுக்கு 500 முதல் 2,000 டாலர் வரையான இத்தொகை நான்காண்டுகள் வரை தொடரும்.

ஒரு மாணவர் இம்மூன்றில் ஒன்றை மட்டுமே பெறலாம். கல்லூரி வழங்கும் வகைக்கு, அக்கல்லூரியைத் தம் முதல் தெரிவாக மாணவர் கழகத்திடம் பதிந்திருத்தல் வேண்டும். குறித்த நாள் வரை தெரிவை மாற்றலாம். ஆனால் ஒரு கல்லூரி இவ்வுதவித்தொகையை அளித்த பின்னர், வேறொரு கல்லூரி வழங்கும் மெரிட் உதவித்தொகைக்கு மாற இயலாது.

பல்கலைக்கழகங்களின் தனி உதவிகள்

பெருந்தொகை கிடைப்பது கழகத்துக்கு வெளியே ஆகும். தரமான மாணவர்களை ஈர்க்க விரும்பும் பல்கலைக்கழகங்கள், இறுதியாளர்களுக்கெனத் தம் சொந்த நிதியிலிருந்து உதவி வழங்குகின்றன. 2020களின் தொடக்கத்தில் அலபாமா பல்கலைக்கழகம் பத்துப் பருவங்கள் வரை கல்விக் கட்டணமும், நான்காண்டு விடுதி அறையும், ஆண்டுதோறும் கைச்செலவுத் தொகையும் வழங்கியது. டாலசிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் இத்தகைய உதவிக்கு அறியப்பட்டவை. புளோரிடாவில் மாநில அரசே 2014 முதல் இதைச் செய்கிறது. இத்திட்டம் இப்போது பெனக்விஸ்டோ உதவித்தொகை எனப்படுகிறது. கழகத்தின் உதவித்தொகையையும் பெற்று அம்மாநிலத்தில் பயில்வோருக்கு, ஏனைய உதவிகள் போக எஞ்சும் கல்லூரிச் செலவு வழங்கப்படுகிறது. இவ்விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவன.

மறுபுறம், ஹார்வர்டு, பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் தகுதி அடிப்படையில் பண உதவி வழங்குவதில்லை. அங்கு குடும்பத்தின் தேவை ஒன்றே அளவுகோல்.

பணத்தைப் பயன்படுத்துவதில் உள்ள சிக்கல்கள்

தேவை அடிப்படையிலான உதவி பெறும் மாணவருக்கு வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால், கல்லூரி தன் உதவியைக் குறைத்துக்கொள்வது உண்டு. ஒரு கல்லூரியின் ஆண்டுச் செலவு 40,000 டாலர், குடும்பத்தால் இயன்றது 15,000, கல்லூரி தரும் கொடை 20,000, எஞ்சிய 5,000 கடன் எனக் கொள்வோம். மாணவருக்கு 2,500 டாலர் கிடைத்ததும் கல்லூரி கடனைக் குறைத்தால் மாணவருக்கு நன்மை. கொடையைக் குறைத்தால் மாணவர் கையில் எதுவும் மிஞ்சாது, கல்லூரிக்கே மிச்சம். மேரிலாந்து மாநிலம் 2017இல் தன் அரசுப் பல்கலைக்கழகங்களில் இவ்வழக்கத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. பிற இடங்களில், எதைக் குறைப்பார்கள் என்று சேருமுன் உதவி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது தக்கது.

வருமான வரியும் உண்டு. பட்டப் படிப்பு மாணவரின் கல்விக் கட்டணம், கட்டாயக் கட்டணங்கள், பாடத்துக்குத் தேவையான நூல்கள் ஆகியவற்றுக்குச் செலவிடப்படும் உதவித்தொகைக்குக் கூட்டரசு வரி இல்லை. விடுதிக்கும் உணவுக்கும் செல்லும் பகுதி மாணவரின் வருமானமாகக் கொள்ளப்படும். 'முழு உதவி' பெற்ற குடும்பங்கள் ஏப்ரல் மாதத்தில் வியப்படைவது இதனால்தான்.

திறனாய்வுகள்

ஒரே ஒரு தேர்வின் மதிப்பெண்ணால் பெரும்பாலோர் விலக்கப்படுவது நெடுங்காலமாகக் கண்டிக்கப்பட்டு வருகிறது. அரையிறுதியாளருள் பெண்கள் குறைவாக இருப்பதைச் சுட்டி ஃபேர்டெஸ்ட் அமைப்பு 1994இல் கூட்டரசின் குடிசார் உரிமை அலுவலகத்தில் முறையிட்டது. அதன் தொடர்ச்சியாக 1997இல் எழுத்துத் திறன் பகுதி தேர்வில் சேர்க்கப்பட்டது. கறுப்பின மாணவர்களுக்காக 1964இல் கழகம் தொடங்கிய நேஷனல் அச்சீவ்மென்ட் திட்டம் 2015 உடன் நிறைவுற்றது.

வசதியுள்ள குடும்பங்களுக்கே பணம் செல்கிறது என்பது மற்றொரு கண்டனம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பல வளாகங்கள் 2005இல் இவ்வுதவித்தொகைக்கு நிதி வழங்குவதை நிறுத்த முடிவு செய்தன. ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் 2009இல் அவ்வாறே அறிவித்து, அந்நிதியைத் தேவை அடிப்படையிலான உதவிக்குத் திருப்பியது.