கப்பலில் ஏறிய ரயில்

ரயில் பெட்டியே கப்பலில் ஏறிக் கடல் கடந்ததைக் கேள்விப்பட்டிருக்கீங்களா, நேயர்களே? நம்ம போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வரை போனவங்க, அங்கே இறங்கி மூட்டை முடிச்சோடு கப்பலுக்கு மாறித்தான் தலைமன்னார் போனாங்க. டென்மார்க்கிலோ, பிரெடெரிசியா என்ற கோட்டை நகரத்தில் 1872-லேயே ரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்ற ஆரம்பிச்சுட்டாங்க. கப்பல் தளத்திலேயே தண்டவாளம்! நீரிணையின் எதிர்க்கரையில் இருந்த ஸ்ட்ரிப் துறையில் இறக்கி, மறுபடி ரயிலாக ஓட்டுவாங்க. 1935-இல் அந்த நீரிணைக்கு மேலே பாலம் வந்தது. கப்பலின் வேலை முடிஞ்சது. அந்தப் பழைய பாலத்தில் ரயில் இன்னும் ஓடுது.

கோபன்ஹேகனிலிருந்து ஆர்ஹுஸுக்குப் போகும் ரயில்கள் பல இந்த வழிதான். முதுகுப்பையோடு சிக்கனமாகச் சுத்துறவங்க பிரெடெரிசியாவில் அவசியம் இறங்கணும். ஊரைச் சுற்றியுள்ள பழைய கோட்டையின் மண் அரண் முழுக்கப் பசும்புல். மேலேறி நடந்தால் ஒருபக்கம் ஊர், இன்னொரு பக்கம் கடல். அங்கே நடக்க டிக்கெட்டே கிடையாது. ஒரு மாலைப் பொழுதையே அதற்கு ஒதுக்கலாம்!