ரேஸ் கொடுத்தால் அணைகிறதா பேட்டரி லைட்? ஒகேனக்கல் கிளம்பும் முன் இதைப் பாருங்க!

பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல் எல்லாம் முடிந்து சாயங்காலம் காரில் ஏறி சாவியைத் திருப்பினால், 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். செல்ஃப் எடுக்கவில்லை. 'பேட்டரி போச்சு' என்று புதுசு வாங்கிப் போட்டால், சில நாளில் அதுவும் படுத்துவிடும். பல நேரம் குற்றவாளி பேட்டரி இல்லை. அதற்குத் தீனி போடும் ஆல்டர்னேட்டர்.

வண்டி முன்னாடியே சொல்லியிருக்கும். ஐடிலில் நிற்கும்போது டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி லைட் மங்கலாக எரியும், ஹெட்லைட் டல்லாகும். லேசாக ரேஸ் கொடுத்தால் எல்லாம் சரி. 'ஓடினா சார்ஜ் ஏறுதுல்ல' என்று நாமும் விட்டுவிடுவோம்.

நெடுஞ்சாலையில் இந்தச் சமாதானம் ஓரளவு செல்லும். ஒகேனக்கலில் செல்லாது. தர்மபுரியிலிருந்து சுமார் 46 கி.மீ. பென்னாகரம் தாண்டினால் காடும் மலைப்பாதையும்தான். ஆடிப்பெருக்கு கூட்டத்தில் பார்க்கிங் வரை ஊர்ந்துதான் போக வேண்டும். ஏசி, பாட்டு, போன் சார்ஜர் எல்லாம் ஓடும், இன்ஜின் மட்டும் ஐடிலில். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குபவர்களுக்கும் இதே கதிதான் (இன்ஜின் பிரேக்கிங்கும் போச்சு, அது தனி ஆபத்து).

ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது இன்ஜின் பெல்ட். ஐடிலில் சுற்று குறைவு என்பதால், முழுத் திறனில் ஒரு பகுதிதான் வரும். நல்ல வண்டிக்கு அது போதும். பழைய டைனமோவுக்கு அதுவும் வராது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆல்டர்னேட்டரே வந்தது. 1960-ல் அமெரிக்காவின் வேலியன்ட் கார் அதை ஸ்டாண்டர்டாகவே கொடுத்தது. நம்ம ஊர் மெக்கானிக்குகள் சிலர் இன்னும் 'டைனமோ' என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓடாதபோது பேட்டரியில் 12.4 முதல் 12.7 வோல்ட். ஐடிலில் 13.8 முதல் 14.5. ஹெட்லைட், ஏசி போட்டதும் 13-க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் சந்தேகப்படுங்கள். சில புது கார்களில் கம்ப்யூட்டரே வோல்ட்டை ஏற்றி இறக்கும். அங்கே ரீடிங்கை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம்.

அடுத்துதான் முக்கியமான சோதனை. ஒருமுறை ரேஸ் கொடுத்துவிட்டு காலை எடுங்கள். மீண்டும் ஐடிலுக்கு வந்த பிறகும் வோல்ட் 14-லேயே நிற்கிறதா? ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் நல்லாயிருக்கு, 'எழுப்பிவிடும்' வயர்தான் கட். பல பழைய வண்டிகளில் அந்த கரன்ட் பேட்டரி லைட் வழியாகத்தான் போகும். சாவியை ஆன் செய்ததும் அந்த லைட் எரியவே இல்லையென்றால், முதலில் பல்பையும் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு ரொம்பக் குறைவு.

காலை எடுத்ததும் வோல்ட் மறுபடி விழுகிறதா? தளர்ந்த, பளபளவென்று தேய்ந்த பெல்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள். லோடு ஏறும்போது 'கீச்' சத்தம் வந்தால் அதுதான். பிறகு துரு பிடித்த டெர்மினல், எர்த் வயர். ஐடில் வேகமே குறைந்திருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியதே. இதெல்லாம் சரியென்றால், தேய்ந்த கார்பன் பிரஷ் அல்லது டயோடு பிளேட். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியில் தொட்டால் 0.5-க்கு மேல் காட்டினால், டயோடு மேல்தான் சந்தேகம். பிரஷ், டயோடு எல்லாம் தனியாக மாற்றலாம். 'முழுசா மாத்தணும்' என்றால், 'எந்த பார்ட் போச்சு?' என்று கேளுங்க.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'டெஸ்ட்' பண்ணுவது! வோல்ட் எகிறி இசியு-வே போய்விடலாம்.

பழைய டீசல் வண்டிக்காரர்கள் இன்னும் உஷாராக இருக்கணும். அவற்றில் பலவற்றில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப், ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டுமல்ல, பிரேக்கும் கல் மாதிரி இறுகிவிடும். மலை இறக்கத்தில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வழியில் லைட் எரிந்தே நின்றால் ஏசி, பாட்டை நிறுத்துங்கள். இருட்டினால் ஹெட்லைட்டில் கை வைக்காதீர்கள். டெம்பரேச்சர் முள் ஏறாமல், பிரேக் இறுகாமல் இருக்கும்வரை இன்ஜினை அணைக்காமல் பென்னாகரம் பக்கம் திரும்பிவிடுங்கள். இரண்டில் ஒன்று மாறினாலும் அங்கேயே ஓரங்கட்ட வேண்டியதுதான்.