உங்களுக்குத் தெரியுமா? – தண்டவாளத்துக்கு நாடி பார்க்கும் கணக்கு

● நம் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மி.மீ. இருக்க வேண்டும். ஓரிடத்தில் 5 மி.மீ. கூடி, அடுத்த இடத்தில் 5 மி.மீ. குறைந்தாலும் சராசரி என்னவோ 1676தான்! அதனால் சராசரியோடு நிற்காமல், அளவுகள் எந்த அளவுக்குச் சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் 'திட்ட விலக்க'த்தை வைத்தே பாதையின் தரத்தை மதிப்பிடுகிறார்கள்.

● அப்படி இந்திய ரயில்வே போட்டுவந்த மதிப்பெண்தான் 'டி.ஜி.ஐ.' எனும் பாதை வடிவக் குறியீடு. அதில் பத்துப் பங்கில் 6 பங்கு, தண்டவாளம் பக்கவாட்டில் நெளியாமல் இருப்பதற்கு. மேடுபள்ளத்துக்கு 2, திருகலுக்கும் அகலத்துக்கும் தலா 1. மதிப்பெண் 80-ஐத் தாண்டினால் பராமரிப்பு வேண்டாம். 36-க்குக் கீழே போனால் அவசர வேலை.

● வளைவை அளக்க ஒரு நூல் போதும். வெளித் தண்டவாளத்தின் உள்விளிம்பில் 20 மீட்டர் நூலை இழுத்துக் கட்டி, அதன் நடுவிலிருந்து தண்டவாளம் எத்தனை மி.மீ. விலகியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். 50,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வளைவின் ஆரம் மீட்டரில் கிடைத்துவிடும். 50 மி.மீ. என்றால் ஆரம் 1000 மீட்டர்.

● நூல் ஏமாற்றவும் செய்யும். 10 மீட்டர் நூலால் அளந்தால், 10 மீட்டருக்கு ஒருமுறை வரும் நெளிவு இருமடங்காகத் தெரியும். 5 மீட்டருக்கு ஒருமுறை வருவது கண்ணிலேயே படாது. நூலின் இரு முனையும் நடுவும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதே காரணம்.

● 13 மீட்டர் தண்டவாளங்களை இணைத்துப் போட்ட பாதையில், இணைப்புகள் தாழ்ந்தால் 13 மீட்டருக்கு ஒரு பள்ளம் விழும். பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியேயின் முறையில் அளவுகளை அலைகளாகப் பிரித்தால், 13 மீட்டர் அலை தனியே உயர்ந்து நின்று நோயைச் சொல்லிவிடும்.

● மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவதுக்கு அந்த உறுதி இல்லை. சக்கரங்கள் தொடும் நான்கு புள்ளிகளும் ஒரே தளத்தில் அமையாதபடி பாதை திருகினால், நான்கு சக்கரங்களில் ஒன்றின் மீது எடை குறையும். எடை குறைந்த சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறித் தடம் புரளலாம்.

● ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்து வரைபடமாக்கினால், பாதை எவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்பதும் தெரியும். ஜல்லியை இறுக்கும் இயந்திரத்தை எங்கே, எப்போது அனுப்புவது என்று முன்கூட்டியே முடிவெடுக்கலாம். விபத்துக்குப் பின் காரணம் தேடுவதைவிட, இந்தக் கணக்குக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் மேலானது.