பாணுக்கு இறைச்சி: கடைப் பொதியா, வீட்டுச் சட்டியா?

1990 யூனில் காங்கேசன்துறையையும் அயற் கிராமங்களையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல ஆண்டுகளை நலன்புரி முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் கழித்தன. தோட்டத்து மரக்கறியும் வீட்டுக் கோழியும்கூடக் காசு கொடுத்து வாங்கும் பொருள்களாயின. 2022 இன் விலையேற்றம் இச்சுமையை மேலும் கூட்டியது. பிள்ளைகளின் பாணுக்குள் வைக்கத் தாய்மார் வாங்கும் இறைச்சிப் பொதியும் அச்சுமையில் ஒன்று. அதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதே எமது ஆலோசனை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எலும்பில்லாத 1 கிலோ இறைச்சி அவிந்தபின் ஏறத்தாழ 700 கிராம்தான் தேறும். ஆகவே இறைச்சி, விறகு, சரக்கு ஆகியவற்றின் செலவைக் கூட்டி, 700 கிராம் கடைப் பொதியின் விலையோடு ஒப்பிடுங்கள். ஒரு பாணுக்கு 30 கிராம் வைத்தால் 20 பேருக்கு மேல் போதும்.

செய்முறை இலகுவானது. மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி 1 கிலோவிற்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு, இடித்த மிளகு, உள்ளி, சிறிது வினாகிரி சேர்த்துப் பிசறி அரைமணி நேரம் வையுங்கள். பின்னர் மூடும் அளவு தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் நன்கு மெதுவாகும்வரை அவியுங்கள். சுத்தமான துணியில் இறுகச் சுற்றி, மேலே தட்டு வைத்து அம்மிக் குழவியைப் பாரமாக ஏற்றுங்கள். ஆறியதும் நாருக்குக் குறுக்காக மெல்லிதாக வெட்டுங்கள். முட்டையிட்டு ஓய்ந்த கோழியையும் இவ்வாறே அவித்து உதிர்க்கலாம். அவித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். அன்றைய கஞ்சிக்கு அது ருசி சேர்க்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மீன் மிஞ்சினால் கருவாடாக்கி வைப்பது எம்மவர் வழக்கம். உப்பும் வெயிலும் நீரை வற்றச் செய்வதால் கருவாடு நிலைக்கிறது. அவித்த இறைச்சியில் நீர் இருப்பதால் கிருமிகள் விரைவாகப் பெருகும். எனவே இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். பெட்டி இல்லாத வீட்டில் கால் கிலோ மட்டும் செய்து, சூடாறியதும் சாப்பிட்டு முடியுங்கள். பாடசாலைக்குக் கட்டிக் கொடுக்க வேண்டாம். போத்தலில் அடைத்து வைப்பது ஆபத்தானது.

பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015 இல் வகைப்படுத்தியது. வீட்டுச் சட்டியில் என்ன சேர்கிறது என்பதை நாமே அறிவோம்.

சேமிப்பு சிறிதுதான். ஆயினும் மீளத் தோட்டம் செய்யத் தொடங்கும் குடும்பத்திற்கு, மாதம் மாதம் ஒதுக்கும் சிறு தொகையே விதை வெங்காயத்திற்கு முதலாகும்.