மெய்நிகர் வழங்கியும் கண்காணிப்பு முகவரும்

ஒரு கணிப்பொறியினுள் பல கணிப்பொறிகளைத் தோற்றுவித்து இயக்கும் முறை மெய்நிகராக்கம் எனப்படும். தாங்கும் பொறியை ஓம்புநர் எனவும், அதன்கண் இயங்குவனவற்றை விருந்தினர் எனவும் ஈண்டுக் குறிப்போம். இவற்றின் நிலையை அறிந்து தலைமை வழங்கிக்கு உரைக்கும் சிறு நிரலே முகவர். 1988ஆம் ஆண்டு வெளிவந்த எஸ்.என்.எம்.பி. நெறிமுறையிலேயே இதன் ஆங்கில மூலச்சொல் இப்பொருளில் ஆளப்பட்டுள்ளது.

இதனை ஒற்றர் என்னலாமோ என்னும் ஐயம் எழலாம். ஒற்றர் தம்மை மறைத்து உறைவர்; இதுவோ உடையவர் இசைவுடன், வாயில் எண் அறிவித்து அமர்வது. ஆதலின் முகவர் என்பதே பொருந்தும். எனினும், ஒருவர் சொல்லை மட்டும் கொண்டு தெளிதல் ஆகாது என்னும் ஒற்றாடல் நெறி இதற்கும் வேண்டுவதே.

என்னை? விருந்தினர்பொறியினுள் அமர்ந்த முகவர் தன் அறையை மட்டுமே காணும். அப்பொறி செயலியை வேண்டி நிற்கையில், ஓம்புநர் அதனைப் பிறிதொரு விருந்தினர்க்கு அளித்திருப்பின், வீணான அந்நேரத்தை லினக்ஸ் தனியே கணக்கிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஸ்டீல்' எனப்படும் இதனைக் களவு நேரம் எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் தகாது. ஈண்டுக் கள்வர் எவருமிலர். காத்திருப்பு நேரம் எனின், வட்டுக்காகக் காத்திருக்கும் வேறொரு கணக்கோடு மயங்கும். இழந்த நேரம் என்பது என் துணிபு. இவ்விரண்டையும் மயங்கக் கொண்டவர், ஓம்புநரில் உள்ள நெருக்கடியை விடுத்து வட்டை மாற்றப் புகுவர். நினைவகத்தினும் இத்தகைய மயக்கம் உண்டு. ஓம்புநர் விருந்தினரிடமிருந்து நினைவகத்தை 'பலூன்' இயக்கியின் வாயிலாகத் திரும்பப் பெறுங்கால், எந்நிரலும் பயன்படுத்தாத நினைவகம் நிறைந்துவிட்டதாக உள்ளிருக்கும் முகவர் உரைத்தல் கூடும். எனவே ஈரிடத்தும் முகவர் வேண்டும்.

நிறுவும் முறை ஓம்புநரின் இயல்பைப் பொறுத்தது. பிராக்ஸ்மாக்ஸ், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதாகலின், ஜாபிக்ஸ் முகவரை ஏனைய பொதிகளைப் போலவே அதன்கண் நிறுவலாம். வினவப்படும்பொழுது விடை கூறும் முறையில் முகவர் 10050 ஆம் வாயிலில் காத்திருக்கும். தானே சென்று உரைக்கும் முறையில் தலைமை வழங்கியின் 10051 ஆம் வாயிலை நாடும். வினவும் உரிமையுடைய வழங்கியின் முகவரியை அமைப்புக் கோப்பில் வரையறுத்தல் இன்றியமையாதது. இரண்டாம் முறையில், கோப்பிலுள்ள பொறியின் பெயரும் தலைமை வழங்கியில் பதிந்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்தல் வேண்டும். ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வேறெனவே கொள்ளப்படும். அவ்வேறுபாடு இல்லாத எழுத்தில் பயின்ற நாம் இதனைக் காணத் தவறுதல் எளிது.

ஓம்புநரில் அமரும் முகவருக்கு முழு அதிகாரம் அளித்தல் பெரும் பிழை. அதனைக் கைப்பற்றியவன் விருந்தினர் அனைவரையும் கைப்பற்றியவனாவான்.

வி.எம்.வேர் நிறுவனத்தின் இ.எஸ்.எக்ஸ்.ஐ. இவ்வாறு முகவருக்கு இடம் தருவதன்று. படிக்கும் உரிமை மட்டுமுடைய கணக்கொன்றின் வழியே தலைமை வழங்கியே அதனை வினவும். அவ்வினவலுக்குரிய துணைச்செயல்களின் எண்ணிக்கை ஜாபிக்ஸில் இயல்பாகச் சுழியாக இருத்தலின், அதனை உயர்த்தாதவரை ஒரு தரவும் வாராது.

தலைமை வழங்கியை, அது கண்காணிக்கும் ஓம்புநரினுள்ளேயே விருந்தினராக வைக்கும் வழக்கமும் உண்டு. ஓம்புநர் வீழ்ந்தால் அதுவும் உடன்வீழும், அறிவிப்பாரும் இரார்.